ஒரு கை தூரம்

பிப்ரவரி 6, செவ்வாய்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது. சரியாகத்தான் மாட்டினேனா என்று சந்தேகம் வந்து, கழற்றி மறுபடியும் மாட்டினேன். அப்போதும் சொட்டுகிறது.

சாப்பிடும்போது மருமகள் ஒரு பேச்சை எடுத்தாள். நீச்சல் குளத்தின் அந்தக் கோடியில் நின்று அவளுக்குத் தட்டிவந்த பெண்ணுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டதாம். இந்த வாரத்தோடு கிளம்புகிறாள். ஜூன் மாதம் சர்வதேசப் போட்டி. இனிமேல் ஒரு புது ஆளைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

"மாமா, நீங்க வர்றீங்களா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "யாரு, இவரா? கல்யாணத்தன்னைக்கு என் கையப் பிடிக்கவே நடுங்குன ஆளு."

"அதனாலதான் அத்தை கேக்குறேன். பயப்படுறவங்க கவனமா இருப்பாங்க."

மகன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். காலையில் அவள் பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வந்து படுப்பான். அவனால் முடியாது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவ விடும்மா, பாவம்" என்றான். யாருக்காகப் பாவம் என்றான் என்று தெரியவில்லை.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். மருமகளுக்குப் பள்ளி நாட்களிலேயே பார்வை முழுவதும் போய்விட்டது. அவளுடைய போட்டி மல்லாந்து நீந்துவது, நூறு மீட்டர். கண் தெரிந்தவர்களும் அதில் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் நீந்துகிறார்கள். சுவர் நெருங்குகிறது என்பதைத் தலைக்கு மேலே கட்டியிருக்கும் கொடிகள் சொல்லும். இவளுக்குக் கொடியும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு கோடியிலும் ஒருவர் நீளமான கம்புடன் நிற்க வேண்டும். கம்பின் நுனியில் பஞ்சுப் பந்து இருக்கும். அவள் சுவரை நெருங்கும்போது தலையில் ஒரு தட்டு. தட்டியதும் அவள் இன்னும் ஒரு கை போட்டு, குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் அடித்து, சுவரை உதைத்துக் கிளம்புவாள். சீக்கிரம் தட்டினால் கால்கள் சுவருக்கு எட்டாது, நேரம் போகும். தாமதமாகத் தட்டினால் கை போய்ச் சுவரில் மோதும்.

அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதானா?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து எதற்கும் நான் சொல்லும் பதில் அதுதான்.

பிப்ரவரி 8

ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏன்?

பிப்ரவரி 12, திங்கள்

முதல் நாள். கோச்சம்மா கறாரான பெண்மணி. கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு. என் கையில் கம்பைக் கொடுத்தார்.

"பெரியவரே, மீன் பிடிக்க வரல நாம. தொடணும், குத்தக் கூடாது."

முதலில் மிதக்கும் பலகை ஒன்றை இழுத்துவிட்டு அதைத் தட்டச் சொன்னார். பலகையை நன்றாகவே தட்டினேன். பலகைக்கு வலிக்காது.

பிறகு மருமகள் வந்தாள். தண்ணீரில் ஒரு ஆள் இவ்வளவு வேகமாக வருவார் என்று நான் நினைத்ததில்லை. அருகில் போய் நின்றால்தான் தெரிகிறது. கொடியைத் தாண்டிவிட்டாள் என்று நான் உணர்ந்து, கம்பை நீட்டலாமா என்று யோசித்து, நீட்டியபோது அவள் விரல் முட்டிகள் சுவரில் உரசிவிட்டன. அந்தச் சத்தம் சிறியதுதான்.

"ஒண்ணுமில்ல மாமா. தோல்தான்."

பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் எதிர்காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இருந்தாள்.

பிப்ரவரி 13

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். தெர்மாமீட்டர் ஒத்துழைக்கவில்லை.

பிப்ரவரி 21

மோதவில்லை. நேற்றும் மோதவில்லை. முந்தாநாளும் இல்லை. ஆனால் திரும்புவது சரியாக வருவதில்லை. கால்கள் சுவரைத் தொட்டும் தொடாமலும் நழுவுகின்றன. அவள் எதுவும் சொல்வதில்லை. தலையை நீருக்கு வெளியே நீட்டி, என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறாள்.

மார்ச் 9, சனி

நல்ல செய்தி. திரும்புவது படிந்துவிட்டது. சுவரை அளந்து வைத்ததுபோல் திரும்புகிறாள். இரண்டு பாதங்களும் சுவரில் பளிச்சென்று பதிகின்றன. நானும் இந்தக் கம்பு வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. எழுதும்போதே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. இந்த வயதில் ஒன்றைப் புதிதாகக் கற்றிருக்கிறேன்.

வரும்போது பேருந்தில் கேட்டேன், சுவர் கிட்டே வருவது உனக்கே தெரியுமா என்று.

"கொஞ்சம் தெரியும் மாமா. தண்ணி சத்தம் மாறும். சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற அலை காதுல வேற மாதிரி கேக்கும். ஆனா போட்டியில எட்டுப் பேர் அடிக்கிற அடியில அதெல்லாம் கேக்காது. அங்க நீங்கதான்."

அங்க நீங்கதான்.

வீட்டு வாசலில் மனைவி, "வந்துட்டியா கண்ணு" என்று அவளிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை கூப்பிடுறதுலயாவது எனக்குக் கண்ணு இருக்கு" என்றாள் இவள். மனைவி சிரிப்பதா, நாக்கைக் கடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

ஏப்ரல் 18

அணியில் அவள் பெயர் வந்துவிட்டது. கோச்சம்மா என்னையும் அருகில் உட்காரவைத்து விளக்கினார். ஜூன் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர். அதில் முதல் ஆறு இடங்களுக்குள் வருகிறவர்களுக்கு அடுத்த ஆண்டின் பெரிய போட்டிக்கு நேராக இடம் உண்டு. ஏழும் எட்டும் வீட்டுக்கு.

"இவளுக்கு முப்பத்தி நாலு ஆகுது. அதுக்கப்புறம் வர்றதுக்கெல்லாம் இந்தத் தோள் தாங்காது."

"நேராவே சொல்லுங்க கோச், இதுதான் கடைசி பஸ்" என்றாள் மருமகள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு ஜூனில் விடுப்பு கேட்டு விண்ணப்பம் எழுதச் சொல்லிவிட்டு, நான் எழுதும்வரை நாற்காலி கைப்பிடியில் விரல்களால் நீந்திக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போது பார்த்தேன்.

மே 6

மகன் இன்று தூங்காமல் உட்கார்ந்திருந்தான். "அப்பா, அங்க போய் உங்களுக்குப் பதட்டம் வந்துடாதே?"

வராது என்றேன்.

"வந்தா சொல்லிடுங்க. வேற ஆள ஏற்பாடு பண்ணலாம்."

சொல்கிறேன் என்றேன். இந்த இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அவன் எழுந்து போன பிறகுதான் உறைத்தது.

ஜூன் 11, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். விமானத்தில் காது அடைத்தது. விடுதி அறையின் ஜன்னல் வழியாக வாகன நிறுத்தமும் ஒரு மரமும் தெரிகின்றன. மனைவி பெட்டியில் எனக்கு இரண்டு கம்பளிச் சட்டை வைத்திருக்கிறாள். இங்கே புழுக்கமாக இருக்கிறது.

போட்டிக் குளத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளம் இதற்கு முன்னால் வாளி. தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது அடியில் இருக்கும் கறுப்புக் கோடு தரையில் வரைந்த கோடு போலவே தெரிகிறது. மருமகள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், தரையைத் தொட்டுப் பார்த்தாள், தொடக்கக் கட்டையின் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "நல்ல வீடு" என்றாள்.

எங்கள் அணியில் இன்னொரு பார்வையற்ற நீச்சல்காரருக்குத் தட்டும் இளைஞன் ஒருவன் வந்திருக்கிறான். எல்லோரும் அவனை நெட்டை என்கிறார்கள். அவன் கம்பைப் பிடிப்பது பேனா பிடிப்பதுபோல் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

காலையில் தகுதிச் சுற்று. போட்டியாளர்கள் அனைவருக்கும் ஒளி புகாத கறுப்புக் கண்ணாடி. அதிகாரி ஒருவர் ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கோச்சம்மா தொடங்கும் கோடியில், நான் திரும்பும் கோடியில். எட்டுத் தடங்களின் கோடியிலும் எட்டுக் கம்புகள். நாங்கள் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மோதவில்லை. திரும்பினாள். இறுதிச் சுற்றுக்கு ஐந்தாவதாகத் தேறினாள்!

கோச்சம்மாவுக்கு முழு மகிழ்ச்சி இல்லை. "அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு கை தூரம்தான் இருக்கு. திரும்புற இடத்துல என்னமோ ஒரு தயக்கம் தெரியுது. எங்கயாவது துளி நேரம் கிடைச்சா நல்லா இருக்கும்."

சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் எனக்கு உறுத்துகிறது.

ஜூன் 14, வெள்ளி. மதியம்

எழுதினால்தான் தெளியும்.

காலைச் சிற்றுண்டியின்போது நெட்டை எதிரில் வந்து உட்கார்ந்தான். நேற்றைய சுற்றைப் பார்வையாளர் வரிசையிலிருந்து செல்பேசியில் படம் எடுத்திருக்கிறான். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க கம்பு எங்க விழுது பாருங்க."

பார்த்தேன். மற்ற ஏழு கம்புகளும் அசையாமல் காத்திருக்கும்போது என் கம்பு மட்டும் இறங்கிவிடுகிறது. கொடியைத் தாண்டிய உடனேயே. ஒரு கை முன்னதாக. படத்தை அந்த இடத்தில் நிறுத்தினேன். மறுபடி ஓட்டி மறுபடி நிறுத்தினேன். சந்தேகமே இல்லை. இத்தனை மாதமும் நான் சீக்கிரமாகத்தான் தட்டிவந்திருக்கிறேன். அந்த முதல் நாள் சத்தத்துக்குப் பயந்து.

கோச்சம்மா சொன்ன தயக்கம் இதுதான். அவளுடையது இல்லை. என்னுடையது.

அவளிடம் சொல்ல வேண்டாமா? எதிர் அறையில் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்து, மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள். மாலையில் வாழ்க்கையின் பெரிய போட்டி. இப்போது போய், இத்தனை நாள் உன்னை ஏமாற்றிவிட்டேன் அம்மா என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதா? குழம்பிப்போவாள். அவள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மாற வேண்டியவன் நான். கம்பை அதன் சரியான இடத்தில் இறக்குவேன். அவளுக்கு அந்த ஒரு கை நேரம் திரும்பக் கிடைக்கும். ஏன் கிடைத்தது என்றுகூட அவளுக்குத் தெரிய வேண்டாம்.



ஜூன் 15, சனி

ஏழாவது இடம்.

முறையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுத முடியாது.

நல்ல தொடக்கம். பாதிக் குளம்வரை நான்காவதாக வந்தாள். கொடியைத் தாண்டினாள். கை தானாக எழுந்தது, பிடித்து நிறுத்தினேன். காத்திருந்தேன். வாழ்நாளில் நான் அவ்வளவு துணிச்சலாக இருந்ததில்லை. சரியான இடம் வந்தது. தட்டினேன். அவள் ஒரு கை போட்டாள். புரளவில்லை. இன்னொரு கையை வீசினாள்.

ஏன்? ஏன் போட்டாய்? கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

வலது கை முழு வேகத்தில் சுவரில் மோதியது. தலையும் உரசியது. ஒரு கணம் அப்படியே கிடந்தாள், அலை அவளைச் சுவரோடு ஆட்டியது. பிறகு எப்படியோ சுவரைத் தடவி, உடம்பைத் திருப்பி, கோணலாக உதைத்துக் கிளம்பினாள். மிச்சப் பாதியை அந்தக் கையோடு நீந்தி முடித்தாள். கடைசியில் ஆறாவது ஆளுக்கும் அவளுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைப் பெரிய பலகையில் பார்த்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

முதலுதவி அறை. வெள்ளை விளக்கு, கிருமிநாசினி வாடை. நடுவிரல் முறிந்திருக்கிறது. மருத்துவர் கட்டுப் போட்டுக்கொண்டே எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"என் தப்பு" என்றேன்.

"என் தப்பு" என்றாள் அவளும், அதே நொடியில்.

கோச்சம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலமா நடக்குது இங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நான் சொன்னேன். நெட்டை காட்டிய படம், நான் எடுத்த முடிவு, அந்த ஒரு முறை மட்டும் சரியான இடத்தில் தட்டியது. சொல்லச் சொல்ல அவள் முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது.

"சரியான இடத்துலயா தட்டுனீங்க?"

"ஆமாம்மா. இத்தனை நாளும் சீக்கிரம் தட்டிட்டு இருந்திருக்கேன். இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது."

"எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும் மாமா."

மருத்துவர் கத்தரிக்கோலால் கட்டுத் துணியை வெட்டினார்.

"முதல் வாரத்துலயே புரிஞ்சிடுச்சு. அதனால நீங்க தட்டுனதும் ஒரு கை கூடப் போட்டுட்டுத்தான் புரளுவேன். பழகிடுச்சு. இன்னிக்கும் போட்டேன்."

மார்ச் மாதம் திரும்புவது படிந்துவிட்டதாக எழுதி வைத்திருக்கிறேனே, அது நான் கற்றுக்கொண்டது இல்லை. அவள் என் பயத்துக்கு ஏற்ப ஒரு கையைச் சேர்த்துக்கொண்டது. நேற்று அந்தப் படத்தைக் கம்பு விழுந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இன்னும் ஒரு நொடி ஓடவிட்டிருந்தால் அந்தக் கூடுதல் கையைப் பார்த்திருப்பேன். என் பிழையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"மாமனார்கிட்டப் போய், உங்க கை சரியில்லன்னு எப்படிச் சொல்றது? சொன்னா மறுநாளே கம்பைக் கொடுத்துட்டுப் போயிருப்பீங்க. நீங்க ஏன் சொல்லல?"

"நீ குழம்பிடுவேன்னு..."

கோச்சம்மா விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் போட்டார். "ஒருத்தருக்கொருத்தர் நல்லது பண்ணிப் பண்ணியே என் நீச்சல்காரி விரலை ஒடச்சிட்டீங்க."

மருத்துவருக்கு என்ன புரிந்ததோ, என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 19

வீடு. மகன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். அவள் கையை வாங்கிப் பார்த்தான், என்னை ஒன்றும் கேட்கவில்லை. மனைவிதான் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "வாயிருக்குல்ல ரெண்டு பேருக்கும்?" என்றாள். அதற்கு மேல் அந்தச் செய்தியில் சொல்ல எதுவும் இல்லை.

ஜூன் 20

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் என் நாற்காலி அருகில் வந்து நின்றாள்.

"எனக்கு உங்க மேல கோவமா இருக்கு மாமா. சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"சரின்னு சொல்லாதீங்க. அதுக்கும் கோவம் வருது."

ஜூன் 27

பிழையைத் திருத்தினால் விடை சரியாகும் என்றுதான் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரே பிழையை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருத்தினால் என்ன ஆகும் என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. கேள்வியாகவே அது எனக்குத் தோன்றியதில்லை.

அவள் என்னிடம் சொல்லாததற்கு மரியாதை என்று பெயர். நான் அவளிடம் சொல்லாததற்கு அக்கறை என்று பெயர். பெயர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? அவள் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தாள். நான் அவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணாடிப் பாத்திரம்போல் துணி சுற்றி வைத்திருந்தோம். உடைந்தது விரல்.

இதெல்லாம் நன்றாக எழுத வருகிறது. சொல்லத்தான் வருவதில்லை.

ஜூலை 3

செப்டம்பர் கடைசியில் நம் நாட்டிலேயே இன்னொரு சர்வதேசப் போட்டி இருக்கிறதாம். அங்கே இடம் முக்கியமில்லை. விதித்த நேரத்துக்குள் நீந்திவிட்டால் அடுத்த ஆண்டுப் போட்டிக்குப் போகலாம். விரல் ஆறிவிட்டால்.

கோச்சம்மாவுக்குப் போன் செய்து, இனி நெட்டையே தட்டட்டும், நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவுகள் குறைவு. இதை எடுத்ததும் ஒரு நிம்மதி வந்தது.

"அத அவகிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 4

சொன்னேன்.

இப்படி ஒரு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. "இதுவும் என்கிட்ட கேக்காம நீங்களே எனக்கு நல்லதுன்னு எடுத்த முடிவுதானே மாமா? திரும்பத் திரும்ப அதையேதான் பண்றீங்க!"

"நெட்டை நல்லாத் தட்டுறான்மா. நான்..."

"நல்லாத் தட்டுறான். தெரியும். நான் உங்களக் கேட்டேனே, அது ஏன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இப்போதும் கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டேன்.

"உங்களுக்கு என் உயிர் மேல பயம். மத்தவங்களுக்குப் போட்டி மேல. அந்தப் பயம் எனக்கு வேணும். ஆனா அத என்கிட்ட மறைக்கக் கூடாது."

அடுப்படியிலிருந்து மனைவி, "குரலக் குறைங்க ரெண்டு பேரும், தூங்குறவன் எழுந்துடப் போறான்" என்றாள். அவன் ஏற்கெனவே கதவருகில் நின்றுகொண்டிருந்தான்.

ஜூலை 29, திங்கள்

மறுபடியும் குளம். விரலில் பிளாஸ்டிக் பட்டை. அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நான் எப்படித் தட்டினேன் என்பதை நானே உரக்கச் சொல்ல வேண்டும்: சீக்கிரம், சரி, தாமதம். அவளும் தான் எத்தனை கை போட்டாள் என்பதைச் சொல்வாள்.

"சீக்கிரம்."

"ரெண்டு கை."

"சீக்கிரம்."

"ரெண்டு."

"சரி... இல்லம்மா, சீக்கிரம்தான்."

"கேக்கல!"

"சீக்கிரம்!"

பக்கத்துத் தடத்தில் நீந்தக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் என் பயத்தை ஊர் முன்னால் அறிவிப்பதுபோல் இருந்தது. அதுதான் உண்மையும்.

ஆகஸ்ட் 9

இன்று தாமதம். முட்டி சுவரில் பட்டது, நல்ல கைதான். கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சொல்லுங்க மாமா."

"தாமதம்."

"ஒரு கை." சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "இப்ப எல்லை எதுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடுச்சு. எந்திரிங்க."

எழுந்தேன்.

ஆகஸ்ட் 24

நான் "சரி" என்றேன். அவள் "சீக்கிரம்" என்றாள். நான் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவள் தன் கைக்குத் தெரியும் என்றாள். என் கண்ணுக்குத் தெரியும் என்றேன். என்ன பேச்சு! சொன்ன பிறகு நாக்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் தண்ணீரில் கிடந்தபடி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

கோச்சம்மா அந்தக் கோடியிலிருந்து விசில் அடித்தார். "மாமனாரும் மருமகளும் சண்டை போட வேற இடமே கெடைக்கலையா?"

வீட்டில் சாப்பிடும்போதும் அந்தச் சண்டை தொடர்ந்தது. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "முன்னாடி ரெண்டு பேரும் வாயத் திறக்க மாட்டீங்க. இப்ப ஒரு வாய் சாப்பிட விட மாட்டேங்குறீங்க."

செப்டம்பர் 11

சரி. ஒரு கை. சரி. ஒரு கை. சீக்கிரம். ஒரு கை, கால் எட்டவில்லை. சரி. ஒரு கை.

அவள் இப்போது கூடுதல் கை போடுவதில்லை. நான் சீக்கிரம் தட்டினாலும் போடுவதில்லை. தவறினால் தவறட்டும் என்று விட்டுவிடுகிறாள். அது எனக்கு மோதியதைவிடப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

விடுதியில் பக்கத்து அறையிலிருந்து மகனோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். தன் பாஸ்போர்ட் அடுத்த ஆண்டுப் போட்டிவரை செல்லுமா என்று அலமாரியில் பார்க்கச் சொல்கிறாள். அப்பாவோடதையும் பாரு என்கிறாள். பிறகு இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள்.

இன்று மாலை நீந்தப் போவதற்கு முன் கோடியில் பிரியும்போது என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க தட்டுவீங்க?"

"எல்லையில."

"நான் ஒண்ணுதான் போடுவேன். எதாவது மாத்தணும்னா இப்பச் சொல்லுங்க."

"பயமா இருக்குமா. அது மட்டும்தான்."

"எனக்கும்" என்றாள். கோச்சம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தொடக்கக் கோடிக்கு நடந்து போனாள்.

எட்டுக் கம்புகள். வெடிச் சத்தம். வெள்ளை நுரையாக எட்டுத் தடங்களும் என்னை நோக்கி வந்தன. எத்தனையாவதாக வருகிறாள் என்று பார்க்கவில்லை. அவளுடைய தொப்பி மட்டும்தான் தெரிந்தது. கொடியைத் தாண்டியது. கை எழப் பார்த்தது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. தட்டினேன்.

ஒரு கை.

புரண்டாள். உருண்டாள். பாதங்கள் இரண்டும் என் காலடிக்குக் கீழே சுவரில் பதிந்ததை குளத்தின் விளிம்புக் கல் வழியாக நான் உணர்ந்தேன். உதைத்தாள். அந்தத் தண்ணீர் மேலே எழும்பி என் மூக்குக்கண்ணாடி முழுவதும் தெறித்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. துடைக்கவும் தோன்றவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் போகும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.